நெற்றியில் மஞ்சள் பூசிய கன்று

காலை ஆறு மணி பதினேழு நிமிடம். மாட்டுக் கொட்டிலின் கதவைத் தள்ளியதும் முதலில் கண்ணில் பட்டது கன்றின் நெற்றி. முதல் நாள் பின்னேரம் நாங்கள் விட்டுவந்தபோது அது வெள்ளையாக இருந்தது. இப்போது உள்ளங்கை அளவுக்கு மஞ்சள். அதன் நடுவில் டென்மார்க்கின் இரண்டு குரோனர் நாணயம் அளவில் ஒரு சிவப்புப் பொட்டு. கன்று தலையை எங்கோ தேய்த்திருக்க வேண்டும், பொட்டு வலது கண் பக்கமாக இழுபட்டிருந்தது. கொட்டிலின் மறுமுனையில், பால் வாளிகள் கழுவும் தொட்டியில், என் அக்கா கை கழுவிக்கொண்டிருந்தாள்.

அன்று எங்கள் ஊரில் கால்நடைக் காட்சி. ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, விளையாட்டு மைதானத்தில் கயிறு கட்டி, கூடாரம் அடித்து நடத்துவார்கள். பெரியவர்களின் மாடுகளும் குதிரைகளும் ஒரு பக்கம். சிறுவர் பிரிவுகள் மறுபக்கம்: முயல், கோழி, கன்று. இவற்றில் கன்றுப் பிரிவுக்குத்தான் கூட்டம் கூடும். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஆளுக்கொரு கன்றைத் தலைக்கயிற்றில் பிடித்து வட்டத்துக்குள் நடத்திக் காட்ட வேண்டும். வெள்ளைச் சேட், வெள்ளைக் காற்சட்டை. கன்று நடக்கும் விதத்துக்குப் பத்துப் புள்ளி, கன்றின் துப்புரவுக்குப் பத்து, பிள்ளைக்குத் தன் கன்றைப் பற்றி என்ன தெரியும் என்பதற்குப் பத்து. கடைசிப் பத்துக்கு நடுவர் கேள்வி கேட்டு மைக்கைப் பிள்ளையின் வாய்க்கு நேரே நீட்டுவார். பதில் மைதானம் முழுவதற்கும் கேட்கும்.

என் மகளுக்கு ஒன்பது வயது. கன்று எங்களுடையது அல்ல, தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பண்ணைக்காரருடையது. கறுப்பு வெள்ளை நாகு கன்று, மூன்று மாதம். அது பிறந்த இரண்டாம் கிழமையிலிருந்து மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அங்கேதான் நின்றாள். முதல் பத்து நாளும் கன்றுதான் அவளை இழுத்துக்கொண்டு போனது. பிறகு அவள் நின்றால் அது நின்றது. அவளுக்கு முதலிடம் வேண்டும், அதை அவள் மறைக்கவில்லை. புள்ளித்தாளின் பிரதி ஒன்றை எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி, மூன்று கட்டங்களிலும் பென்சிலால் 10, 10, 10 என்று எழுதி வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் நாற்பது நிமிடம் கன்றைக் குளிப்பாட்டினாள். வெதுவெதுப்பான தண்ணீர், குழந்தைகளின் ஷாம்பு, காதுக்குள் பஞ்சு. புதிய வைக்கோல் போட்டுத் தனிக்கூட்டில் விட்டுவிட்டு வந்தோம்.

அந்தக் கிழமை என் மனைவிக்கு வைத்தியசாலையில் சனி ஞாயிறு வேலை. அதைக் கேள்விப்பட்டு அக்கா ஹொல்ஸ்டெப்ரோ நகரத்திலிருந்து வெள்ளி மாலையே வந்துவிட்டாள். நாங்கள் கூப்பிடவில்லை. சாப்பாட்டுக்கு ஆர் பார்க்கிறது என்று கேட்டுக்கொண்டு சட்டி பானையோடு உள்ளே வந்தாள்.

நான் கதவடியிலேயே நின்றேன். என்ன செய்தாய் என்று கேட்கத் தேவையில்லை, கண்ணுக்கு முன்னால் இருந்தது. எப்படி உள்ளே வந்தாய் என்றுதான் கேட்டேன். எங்கள் வீட்டுச் சாவிக் கொழுவியில், பண்ணைக்காரர் மகளுக்காகத் தந்திருந்த கொட்டில் சாவியும் தொங்கியதாம். கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் குங்குமச் சிமிழோடும், எங்கள் குசினியில் எடுத்த மஞ்சள் தூளோடும் ஐந்தரைக்கே வந்திருக்கிறாள். மஞ்சளை நல்லெண்ணெயில் குழைத்திருக்கிறாள். வெறும் மஞ்சள் மயிரில் ஒட்டாது என்பதற்காக.

"அக்கா, இது எங்கட கண்டு இல்லை."

"ஆற்றை கண்டெண்டாலும் மாடுதானே. அத்தனை சனம் பாக்கிற இடத்துக்கு நெத்தியில ஒண்டும் இல்லாமல் கொண்டு போறதோ? பிள்ளைக்கு நாவூறு பட்டால் பிறகு ஆர் பாக்கிறது?"

"கேட்டுப்போட்டுச் செய்திருக்கலாம்."

"உன்னை இஞ்ச கூப்பிடேக்க உன்னட்டைக் கேட்டே கூப்பிட்டனான்?"

இது அவளுடைய கடைசிச் சீட்டு. வழக்கமாகப் பேச்சின் முடிவில்தான் போடுவாள், அன்று இரண்டாவது பதிலிலேயே போட்டாள். உண்மைதான். நான் டென்மார்க்குக்கு வந்தது அவள் எழுதிய கடிதங்களால், அவள் பிடித்த ஆட்களால். யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் நீதிமன்றச் செய்தி எழுதிக்கொண்டிருந்தவன் ஒரு நாள் காலையில் வீட்டுக்குப் போய், அவள் சொன்னபடி என்னுடைய பயணப்பை கட்டி முடிந்திருப்பதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு எங்கள் குசினிச் சுவருக்கு என்ன நிறம் என்பதையும் அவளே முடிவு செய்தாள். மகளுக்குப் பதினொரு மாதமாக இருக்கையில், நாங்கள் இருவரும் வேலைக்குப் போன ஒரு நாளில், கொண்டுபோய்க் காது குத்திக்கொண்டு வந்தாள். மாலையில் நான் வந்தபோது பிள்ளை இரண்டு பொட்டுத் தோடுகளோடு தொட்டிலில் கிடந்தாள். அழுது முடித்திருந்தாள்.

ஆறரைக்குப் பண்ணைக்காரர் வந்தார். அறுபது வயது. தேவைக்கு மேல் ஒரு சொல் பேசாதவர். கன்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்க்கவில்லை. இந்தக் கன்றுக்கு யார் மருந்து கொடுத்தது என்று கேட்டார். யாரும் கொடுக்கவில்லை என்றேன். அவருடைய பண்ணையில் ஒரு மாட்டில் சிவப்புக் குறி இருந்தால் அதற்கு மருந்து ஏற்றியிருக்கிறது, அதன் பாலை எடுக்கக்கூடாது என்று அர்த்தம். அதை அவர் எனக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார். முதுகிலோ காலிலோ போடும் குறியைத்தான் சொன்னார். நெற்றியைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

"வாசலில் மிருக வைத்தியர் நிற்பார்," என்றார். "என் பண்ணை இலக்கம் அதன் காதில் இருக்கிறது."

பிறகு சாவிக்காகக் கையை நீட்டினார். அக்கா தன் ஜக்கெற் பையிலிருந்து எடுத்து என்னிடம் தந்தாள். நான் அவரிடம் கொடுத்தேன்.

மகள் ஏழு மணிக்குச் சற்று முன்னால் வந்தாள், வெள்ளைச் சேட் போட்டு அதன் மேல் பழைய மழை அங்கியோடு. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. யார் என்று டேனிஷில் கேட்டாள். மாமி என்றேன். வாளியை எடுத்துக்கொண்டு போய்ச் சுடுதண்ணீர் பிடித்து வந்தாள். ஷாம்பு, பிறகு பாத்திரம் கழுவும் திரவம், பிறகு ஷாம்பு. குங்குமம் முதலில் கரைந்து மூக்கு வரை இளஞ்சிவப்பாக ஓடியது. அதைத் துடைத்து எடுக்க முடிந்தது. மஞ்சள் நகரவில்லை. எண்ணெய் இறங்கிய இடத்தில் மயிர் கற்றை கற்றையாக எழும்பி நின்றது. மூன்றாம் தடவை தேய்த்தபோது கன்று பின்னால் இழுத்துக் கத்தியது. நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

அக்கா பக்கத்தில் நின்று, நிறம் போனாலும் வைத்தது வைத்ததுதான், பலன் போகாது என்று சொன்னாள். சமாதானத்துக்காகச் சொல்லியிருக்கலாம்.

வீட்டில் மகளிடம் நாங்கள் தமிழில் கேட்டால் டேனிஷில்தான் பதில் வரும். அன்று தமிழில் சொன்னாள்.

"மாமி, நீங்கள் அங்க வராதேங்கோ."

"ஏன் வராமல்? நான் உன்ரை மாமி."

மகள் வாளித் தண்ணீரைக் கழிவுநீர்க் கான் வாய்க்குள் ஊற்றினாள்.

மைதான வாசலில் எட்டு நாற்பதுக்கு எங்கள் முறை வந்தது. மிருக வைத்தியர் ஓர் இளம் பெண். ஒவ்வொரு கன்றாகக் காது இலக்கம் பார்த்து, தோலைத் தடவி, உள்ளே விட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் கன்றின் நெற்றியில் கை நின்றது. மயிரை விலக்கிப் பார்த்தாள். பூஞ்சை நோய் என்றால் திருப்பி அனுப்ப வேண்டும் என்று பண்ணைக்காரரிடம் சொன்னாள். அவர் அது நிறம் என்றார். என்ன நிறம் என்று கேட்டாள். அவர் என் பக்கம் திரும்பினார். மஞ்சள், சமையலுக்குப் போடுவது, எண்ணெயில் குழைத்தது என்று நான் சொன்னேன். அவள் கையுறை போட்ட விரலை மூக்கருகே கொண்டுபோனாள்.

"கறித்தூள்," என்றாள்.

எங்களுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். பழுப்பு நிறக் கன்றோடு நின்ற ஒரு சிறுவனின் தாய். சிரித்து முடிந்ததும் அவள் வைத்தியரிடம், விதி எல்லாருக்கும் ஒன்றுதானே, என் மகன் மூன்று நாளாகக் கழுவினான், பூச்சுப் பூசிய கன்றை உள்ளே விடலாமா என்று கேட்டாள். எங்களோடு பேசவில்லை. நாங்கள் நின்றது அவளிடமிருந்து ஒரு மீற்றர் தூரத்தில். அவளுடைய மகன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வைத்தியர் எங்களை உள்ளே விட்டாள். ஆனால் நடுவருக்குப் போகும் தாளில் 'நிறம் பிடித்திருக்கிறது, துப்புரவில்லை' என்று எழுதினாள். எழுத்துகள் தலைகீழாக இருந்தாலும் எனக்கு வாசிக்க முடிந்தது. மகளுக்கும் முடிந்தது.

பத்து மணிக்குத்தான் கன்றுப் பிரிவு. அதுவரை தடுப்புக் கம்பிக்குப் பக்கத்தில் காத்திருந்தோம். அக்கா ஏற்கெனவே வந்துவிட்டாள். பருத்திச் சேலை, அதன் மேல் காற்றுக்கு ஜக்கெற், ஓட்டச் சப்பாத்து. மடக்குக் கதிரையை விரித்து, கயிற்றுக்கு நேர் பின்னால், முன்வரிசையில் உட்கார்ந்தாள். பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றினாள். பழுப்புக் கன்றுக்காரப் பையனின் தாய் அவளுக்குப் பக்கத்துக் கதிரை. அந்தத் தாய் கதிரையை ஓர் அடி தள்ளிப் போட்டாள்.

மகள் கன்றின் கழுத்தைச் சொறிந்துகொண்டு என்னிடம் கேட்டாள்: "நெற்றியில் என்ன என்று நடுவர் கேட்பார். நான் என்ன சொல்ல?"

இந்த இடத்தில் எனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதிவிடுகிறேன். இது எங்கள் வழக்கம், விலங்கை மதித்து நெற்றியில் மஞ்சள் வைப்போம் என்று அவள் ஒரு வசனம் சொன்னால் போதும். நடுவர் புன்னகைப்பார். சனம் கைதட்டும். இந்த நாட்டில் இத்தனை வருடம் இருந்ததில், அப்படி ஒரு வசனத்துக்கு முகங்கள் எப்படி இளகும் என்பது எனக்குத் தெரியும். துப்புரவில் இழந்த புள்ளியில் பாதியாவது திரும்பி வந்திருக்கும். இன்னொன்றும் தெரியும். அக்காவுக்கு டேனிஷ் நன்றாகத் தெரியும். தொழிற்சாலையில் இறைச்சி வெட்டும் வரிசையில் முப்பத்தொரு வருடம் நின்றவள். கொமூன என்ற நகரசபையிலிருந்து வரும் கடிதத்தை யாருடைய உதவியும் இல்லாமல் வாசித்துப் பதில் எழுதுவாள். மைக்கில் சொல்லப்படும் ஒரு சொல்லும் அவளுக்குத் தப்பாது.

"நடந்ததைச் சொல்லு," என்றேன்.

"எல்லாத்தையுமா?"

"கேட்டதுக்கு மட்டும்."

ஒன்பது பிள்ளைகள். நடுவர் வெள்ளை மேலங்கி போட்ட வயதானவர், முன்னர் பாற்பண்ணை வைத்திருந்தவராம். முதலில் எல்லாரையும் வட்டமாக நடக்க வைத்தார். ஒரு கன்று படுத்துவிட்டது. ஒன்று தன்னைப் பிடித்திருந்த பிள்ளையின் சேட்டைச் சப்பியது. எங்கள் கன்று மகளின் இடது தோளோடு ஒட்டி நடந்தது. நிற்கச் சொன்ன இடத்தில் நான்கு காலையும் நேராக வைத்து நின்றது. அந்தப் பிரிவில் அதைவிட நன்றாக நடந்த கன்று இல்லை. இதைத் தகப்பனாகச் சொல்லவில்லை. நடையில் அவளுக்குக் கிடைத்த புள்ளிதான் அன்று எல்லாரிலும் கூடியது.

பிறகு மைக். கன்று எப்போது பிறந்தது, பிறந்தபோது என்ன நிறை, ஒரு நாளைக்கு எத்தனை லீற்றர் பால் குடிக்கிறது, தாய்க்கு இது எத்தனையாவது கன்று. மகள் தயங்காமல் சொன்னாள். காது இலக்கத்தைக் காதைப் பார்க்காமல் சொன்னாள். சனம் அதற்குக் கைதட்டியது. நடுவர் தாளைப் பார்த்தார். பிறகு கன்றின் நெற்றிக்குக் குனிந்தார்.

"இது என்ன?"

"என்னுடைய மாமி பூசியது. நான் நித்திரையாக இருந்தேன். என்னிடம் கேட்கவில்லை."

சிலர் சிரித்தார்கள். ஒலிபெருக்கியில் அவளுடைய குரல் ஒரு நொடி பிந்தி மைதானத்தின் மறுபக்கத்திலிருந்தும் கேட்டது. நடுவர் மைக்கைத் தன் பக்கம் எடுத்து, மாமி நல்லெண்ணத்தில் செய்திருப்பாள் இல்லையா என்று கேட்டு, மறுபடி நீட்டினார். அதுதான் அவர் அவளுக்குத் திறந்துவிட்ட கதவு.

"அவள் ஒருவரிடமும் கேட்கமாட்டாள்," என்றாள் மகள். "கன்றைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. டேனிஷில் மாமிக்கும் 'அவள்'தான், பண்ணைக்காரருக்கும் நடுவருக்கும் முகத்துக்கு நேரே 'நீ'தான், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் கிடையாது. ஆனால் கயிற்றடியில் உட்கார்ந்திருந்தவள் அதைத் தமிழில் கேட்டிருப்பாள் என்று நினைக்கிறேன். பக்கத்துக் கதிரைக்காரி திரும்பி அவளைப் பார்த்தாள். சேலை கட்டிய ஒரே ஆள் அவள்தான். இரண்டாம் வரிசையும் பார்த்தது. அக்கா பிளாஸ்கின் மூடியைத் திருகி மூடினாள். கதிரையை மடித்தாள். அதன் கம்பி ஒரு முறை சிக்கியது. எடுத்துச் சரிபண்ணி மறுபடி மடித்தாள். பிறகு கூட்டத்துக்குள்ளால் கார்கள் நிறுத்திய பக்கம் நடந்தாள்.

நான் பின்னால் போனேன். சமாதானம் பேசப் போகவில்லை. எங்கள் மத்தியானச் சாப்பாடு அவளுடைய காரில் இருந்தது.

அவள் கதிரையைப் பின் சீற்றில் வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"ஆர் சொல்லிக் குடுத்தது? நீதானே?"

"நடந்ததைச் சொல்லச் சொன்னனான்."

"எங்கட வழக்கம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் சரி. வெள்ளையள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டிருப்பினம். உனக்கு அது தெரியாதே?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் சொல்லிக் குடுக்கேல்லை."

"ஓம்."

அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய கண்ணில் தண்ணீர் இல்லை. வலது கையின் மூன்று விரல் நுனிகளும் மஞ்சளாக இருந்தன. காலையில் தொட்டியில் கழுவியது அவளுக்கும் போகவில்லை.

"பேப்பரிலை ஊராற்றை வழக்கை எழுதினனீ," என்றாள். "இப்ப வீட்டு வழக்கை மைக்கிலை போட்டிட்டாய். அதுவும் ஒன்பது வயசுப் பிள்ளையை வைச்சு. உனக்கு வாய் இல்லையோடா?"

 அந்தக் காது குத்திய நாளில் நான் ஒன்றும் சொல்லவில்லை. குசினிச் சுவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று காலை கொட்டிலில் எதிர்த்துச் சொன்னதும் இரண்டே வசனம்.

அவள் காரின் பின் கதவைத் திறந்து சட்டியை இறக்கினாள். பெரிய அலுமினியச் சட்டி, மூடி கழலாமல் துவாயால் கட்டியிருந்தது. அதை என் கையில் தரவில்லை. சரளைக் கல்லில் வைத்தாள். காரைப் பின்னால் எடுத்தபோது சில்லு சட்டிக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. அவள் நன்றாகக் கார் ஓடுவாள்.

நான் திரும்பி வந்தபோது பரிசு கொடுத்து முடிந்திருந்தது. பழுப்புக் கன்றுக்காரப் பையன் முதலிடம். கன்றுப் பிரிவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் றிபன் கொடுப்பார்கள். மகள் தன்னுடையதைக் கன்றின் தலைக்கயிற்றில் கட்டவில்லை, காற்சட்டைப் பைக்குள் வைத்திருந்தாள். புள்ளித்தாளை என்னிடம் தந்தாள். நடைக்கு 9, துப்புரவுக்கு 4, அறிவுக்கு 10. ஆறாவது இடம்.

"துப்புரவுக்கு எட்டுக் கிடைத்திருந்தால் முதலிடம்," என்றாள். கணக்கு ஏற்கெனவே போட்டுப் பார்த்திருந்தாள்.

மாமி எங்கே என்று அவள் கேட்கவில்லை. பண்ணைக்காரர் கன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். ஏற்றும்போது, திங்கட்கிழமையிலிருந்து மகள் வரலாம், தான் கொட்டிலில் நிற்கும் நேரத்தில் மட்டும் என்றார். நானும் மகளும் மைதானத்து மர வாங்கில் உட்கார்ந்து துவாயை அவிழ்த்தோம். சட்டிக்குள் தனித்தனிப் பெட்டிகளில் கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, கோழி, சோறு, மூன்று பேருக்கு மேல் காணும். கடதாசித் தட்டு சொசேஜ் கடையில் வாங்கினேன். மகள் இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டாள்.

நான் அக்காவுக்கு அடுத்த நாள் போன் எடுத்தேன். அவள் பதில் தரவில்லை. ஒரு கிழமை கழித்து என் மனைவி எடுத்தாள். அக்கா அவளோடு அரை மணித்தியாலம் கதைத்தாள், தீபாவளிக்கு எந்தக் கடையில் உடுப்பு எடுக்கலாம் என்பது வரை. என்னைப் பற்றியோ பிள்ளையைப் பற்றியோ விசாரிக்கவில்லை. மகளை ஒரு நாள் மாமிக்கு ஒரு வரி எழுதச் சொல்லிப் பார்த்தேன். என்ன எழுத வேண்டும் என்று கேட்டாள். மன்னிப்பு என்றேன். நான் சொன்னதில் எது பிழை என்று கேட்டாள். நடந்ததைச் சொல்லு என்று சொன்னவன் நான்தான். எழுதச் சொல்லி மறுபடி கேட்கவில்லை.

கன்றின் நெற்றியில் பழைய மயிர் உதிர்ந்து புதுசு முளைக்கப் புரட்டாதி ஆகிவிட்டது. அதுவரை தெருவில் நின்று பார்த்தாலே தெரிந்தது.

அக்காவின் வீடு இங்கிருந்து பத்தொன்பது கிலோமீற்றர். அவளுடைய சட்டி எங்கள் குசினி அலமாரியின் அடித்தட்டில் இருக்கிறது.